கூற்றும் குற்றமும்

இலக்கிய விமர்சனம் எழுதுவோர் சட்டப் புத்தகங்களைத் தொடுவதில்லை. அது சட்டத்தரணிகளின் புலம் என்று ஒதுங்கிக்கொள்வது நம் மத்தியிலே வழக்கமாகிவிட்டது. ஆயின், மனிதர் எழுதும் வாக்கியங்களைப் படித்து, இது மெய், இது பொய், இது புண்படுத்துவது, இது பகைமை மூட்டுவது எனத் தரம்பிரிக்கும் அதிகாரத்தை ஒரு சட்டம் எடுத்துக்கொள்ளுமாயின், அது விமர்சகனின் தொழிலுக்குள்ளேயே புகுந்துவிட்டது எனலாம். அவ்வாறு புகுந்ததை அத்தொழிலின் அளவுகோல்களாலேயே அளந்து பார்ப்பது முறை. எனவே, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஒரு நூலாகவே எடுத்துக்கொண்டு நோக்க விழைகின்றேன்.

அதன் பிறப்பு வரலாறு நீண்டதன்று. 2023 செப்டெம்பரிலே சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்தது. ஒக்டோபரிலே பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே, எரிபொருள் வரிசைகளிலும் எரிவாயு வரிசைகளிலும் நின்ற மக்கள், தம் கைத்தொலைபேசிகளின் வாயிலாக ஒருவரையொருவர் அழைத்துக் கொழும்பிலே திரண்டனர். ஒரு சனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். இதனை மறந்துவிட்டு இச்சட்டத்தைப் படிப்பவன் பாதியைத்தான் படிக்கிறான். 'காப்பு' என்ற அழகிய சொல் தலைப்பிலே நிற்கிறது. எதனைக் காப்பது, எவரிடமிருந்து காப்பது என்பதே கேள்வி.

சட்டத்தின் மையச் சொல் 'கூற்று'. பொய்யான கூற்று, தடைசெய்யப்பட்ட கூற்று என்பனவே அதன் ஆட்சிப் பொருள்கள். தமிழ் படித்தவனுக்கு இச்சொல் புதியதன்று. தலைவன் கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று உயர்தர வகுப்பிலே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அகப்பாட்டொன்றிலே பேசும் குரல் புலவனின் குரல் அன்று. இன்னாருடைய கூற்று, இன்ன சூழலில் எழுந்தது என்று வரையறுத்த பின்னரே பொருள் சொல்லத் தொடங்குகிறோம். யார் பேசுகிறார் என்பதை அறியாமல் என்ன பேசப்பட்டது என்பதைத் தீர்மானிக்க முடியாது என்பதைத் தொல்காப்பிய மரபு தெளிவாகவே உணர்ந்திருந்தது. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்ற பாகுபாட்டின் பயனும் இதுவே.

சட்டமோ வேறு வகையாகப் பேசுகிறது. அதன் பொருள்கோடற் பிரிவின்படி, சொல்பவர் தவறானது அல்லது உண்மையற்றது என அறிந்திருந்தோ நம்பியோ, குறிப்பாக ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் எண்ணத்துடன் கூறுவது பொய்யான கூற்று. நல்லெண்ணத்துடன் தெரிவிக்கப்படும் கருத்தும் எச்சரிக்கையும் அதனுள் அடங்கா. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சொல்பவரே உண்மையல்ல என்று அறிந்து சொல்வது எது? சிறுகதை அத்தகையது, நாவல் அத்தகையது, அங்கதச் செய்யுள் முழுவதும் அத்தகையது. இவற்றையும் மோசடியையும் பிரித்து நிறுத்தும் வேலி ஒன்றே ஒன்று: ஏமாற்றும் எண்ணம். எண்ணமோ நெஞ்சுக்குள் இருப்பது. அதனை வெளியே நின்று ஊகிப்பவர் யார், எவ்வாறு ஊகிப்பார் என்பதிலேதான் சட்டத்தின் முழு நியாயமும் அநியாயமும் தங்கியிருக்கின்றன.

ஊகிப்பதற்கென ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று வகுக்கப்பட்டது. முதல் வரைவின்படி ஐவரையும் சனாதிபதி தாமே நியமிக்கலாம். எதிர்ப்பு எழுந்த பின்னரே அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் சேர்க்கப்பட்டது. தகவல் தொழினுட்பம், சட்டம், முகாமைத்துவம் முதலிய துறைகளின் தேர்ச்சி உறுப்பினருக்கு வேண்டப்படுகிறது. மொழியையும் இலக்கியத்தையும் தொழிலாகக் கொண்டவருக்கு அங்கே இடம் உண்டோ என்று கேட்பது தற்பெருமை போலத் தோன்றலாம். ஆனால் 24 மணித்தியாலத்துக்குள் ஒரு கூற்றை அகற்றுமாறு பணிக்கும் அதிகாரம் வாசிப்பின் அதிகாரமே அல்லவா? ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஓர் உரையும் நச்சினார்க்கினியர் வேறோர் உரையும் சொல்லிச் சென்றனர். பல நூற்றாண்டுகளாகியும் நாம் இன்னும் தீர்க்கவில்லை. ஐவர் ஒரே நாளிலே தீர்ப்பர் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அரசு இலக்கியம் வாசித்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நாம் கற்பனையை நாடவேண்டியதில்லை. 2019 ஏப்ரல் முதலாம் திகதி சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பொல்காவலையிலே கைதுசெய்யப்பட்டார். முகநூலில் அவர் வெளியிட்ட 'அர்த' என்னும் சிறுகதையே குற்றம். பௌத்த துறவிகள் முறையிட்டனர்; பொலிஸார் கதையைப் படித்து அதனைப் பகைமை மூட்டும் எழுத்தென்று கொண்டனர். நான்கு மாதங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். 2021 பெப்ரவரியிலேதான் நீதவான் அவரை விடுவித்தார். கதாபாத்திரத்தின் கூற்றை ஆசிரியரின் கூற்றாகப் படித்த பிழைக்கு அவர் செலுத்திய விலை அது. என் மாணவனொருவன் அவ்வாறு விடை எழுதினால் இரண்டு புள்ளி குறைப்பேன், அவ்வளவுதான்.

அஹ்னாப் ஜஸீமின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. அவர் மன்னார் மாவட்டத்தவர், ஆசிரியர், கவிஞர். 2017 இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டவர். 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, ஏறத்தாழ 19 மாதங்களின் பின்னரே பிணையில் வந்தார். 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலைசெய்தது. தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அந்நூலிலே தீவிரவாதத்தை எதிர்க்கும் கவிதைகளே உள்ளன என்பதைத் தமிழறிந்தோர் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினர். அந்நூல் இணையத்திலே வந்ததன்று, அச்சிலே வந்தது. எனினும் ஒரு தமிழ்க் கவிதை மொழிபெயர்ப்பின் வழியே வழக்கேட்டுக்குள் புகும்போது உவமை என்ன ஆகும், எதிர்மறை என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுவதில்லை.

இன்னொரு வழக்கும் உண்டு. ஓய்வுபெற்ற அரச அலுவலரான ரம்சி ராசீக், கொவிட் தொற்றுக் காலத்திலே முஸ்லிம்களுக்கெதிராக எழுந்த வெறுப்பைப் பேனாவாலும் கணினி விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என முகநூலில் எழுதினார். அதனைச் 'சிந்தனா ஜிஹாத்' என்று அவர் குறித்தார். ஒரு சொல் போதுமாயிற்று. 2020 ஏப்ரலிற் கைதாகிச் செப்டெம்பர் வரை சிறையிலிருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரிலே தீர்ப்பளித்தது.

சத்குமாரவையும் ராசீக்கையும் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட சட்டம் எது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நாட்டிலே நடைமுறைப்படுத்துவதற்கென இயற்றப்பட்டது. இன, மத வெறுப்பைத் தூண்டுவோரிடமிருந்து சிறுபான்மையினரைக் காக்கும் கேடயமாக அதன் 3 ஆம் பிரிவு போற்றப்பட்டது. அக்கேடயமே வெறுப்பை எதிர்த்து எழுதிய முஸ்லிம் ஒருவரின் தலையில் வந்து விழுந்தது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நம் முற்போக்கு நண்பர் சிலர், சிறப்பாகத் தமிழரும் முஸ்லிம்களும், நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை உள்ளூர வரவேற்றனர். அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018 மார்ச் மாதத்திலே திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அத்தீயை மூட்டிய பொய்கள் முகநூலிலேயே பரவின. சிங்களத்திலே எழுதப்பட்ட வெறுப்பைக் கண்டு அகற்றுவதற்கு அந்த நிறுவனம் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை. 2020 மே மாதத்திலேதான் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. இலாபத்தை எண்ணும் மூலதனம் நம் மொழிகளின் உயிரிழப்புகளை எண்ணுவதில்லை. ஆயின் கம்பனி நம்மைக் காக்கவில்லை என்பதிலிருந்து அரசு காக்கும் என்ற முடிவு எவ்வாறு பிறக்கிறது? திகனைக் காலத்திலே தண்டிப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தண்டனைச் சட்டக்கோவை இருந்தது. 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. இல்லாதிருந்தது அவற்றை வலியவர்மீது செலுத்தும் மனம். மனமற்ற கையிலே இன்னுமொரு கருவியைக் கொடுத்தால் அது எளியவர் பக்கமே திரும்பும் என்பதை மேற்கூறிய வழக்குகள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

மக்கட் பிரிவினரிடையே தீய எண்ணத்தையும் பகைமையையும் வளர்த்தல் என்றொரு குற்றமும் பொய்யான கூற்றோடு பிணைக்கப்பட்டுள்ளது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை. தோட்டத் துரைமார் தொழிலாளரின் சம்பளத்தைக் களவாடுகின்றனர் என்று ஒரு மலையக இளைஞன் எழுதுகிறான் என்று கொள்வோம். கோயில் வாசலிலே சாதி பார்க்கப்படுகிறது என்று யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி எழுதுகிறாள் என்று கொள்வோம். இவை பொய் என்று மறுதரப்பு முறையிடும். 'களவாடுதல்' என்பது உருவகமா, நேர்ப்பொருளா? டானியலின் தலைமுறை எழுதிய எழுத்துக்கள் முழுவதும் இக்கேள்வியின் முன்னே நிறுத்தப்படக்கூடியவை. இறுதியிலே நீதிமன்றம் விடுவிக்கலாம். சத்குமாரவையும் விடுவித்தது, ஆனால் எப்போது?

இனி, எதிர்ப்பதெவ்வாறு என்பது. நம் நாட்டு அரசியலமைப்பிலே ஒரு விசித்திரம் உண்டு. ஒரு சட்டமூலம் சபாநாயகரின் சான்றுரையைப் பெற்றுச் சட்டமாகிவிட்டால், அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. 80 ஆம் உறுப்புரை அவ்வாறு சொல்கிறது. கேட்பதாயின் முன்னரே கேட்க வேண்டும். சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்திலே இடம்பெற்றபின், எண்ணிச் சில நாட்களுக்குள்ளே, 121 ஆம் உறுப்புரையின்படி எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். வழக்கறிஞனாயிருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவனாயிருக்க வேண்டியதுமில்லை. 2023 ஒக்டோபரிலே 45 க்கு மேற்பட்ட மனுக்கள் சென்றன. பத்திரிகையாளர், தொழிற்சங்கத்தினர், மதத்தலைவர், அரசியல்வாதிகள் எனப் பலதரப்பினர் சென்றனர். பயன் இல்லாமற் போகவில்லை: திருத்தப்பட்டாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாகாது என 31 பிரிவுகளை நீதிமன்றம் சுட்டியது.

பின் நடந்ததுதான் கசப்பானது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி, 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் விழ, சட்டமூலம் நிறைவேறியது. பெப்ரவரி முதலாம் திகதி சபாநாயகர் சான்றுரைத்தார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டினர். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் குறைகளைச் சுட்டியது. சபாநாயகருக்கெதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை தோற்றது. பிரதியை ஒப்புநோக்கும் வேலை, அதாவது தீர்மானத்தை ஒரு கையிலும் இறுதி வாசகத்தை மறு கையிலும் வைத்து வரி வரியாகப் படிக்கும் வேலை, சட்டம் நிறைவேறுமுன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அவகாசம் கொடாமலே வாக்கெடுப்பு நடந்தது. அவசரமே இங்கு தணிக்கையின் முதற் கருவி.

நிறைவேறிய பின்னும் கதவுகள் முற்றாக அடைபடுவதில்லை. ஆணைக்குழுவோ பொலிஸாரோ சட்டத்தைப் பயன்படுத்தும் விதம் அடிப்படை உரிமையை மீறுமாயின் ஒரு மாதத்துக்குள் 126 ஆம் உறுப்புரையின்கீழ் மனுச் செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எவருக்கெதிராக, எம்மொழி எழுத்துக்கு எதிராக என்று விண்ணப்பித்துக் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். இவ்வேலைகளுக்குப் பெருஞ் செலவு இல்லை, பொறுமைதான் செலவு.

நம் இளைஞர் பலருக்கு இவற்றிலே நாட்டமில்லை. அவர்களிடம் வி.பி.என். இருக்கிறது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது இளைஞர் அவ்வழியாலேயே தப்பினர். அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவும் தாம் அதனையே பயன்படுத்துவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை எனவும் வெளிப்படையாக எழுதினார்! தடைவிதித்த அரசின் அமைச்சரே தடையைத் தாண்டிய வேடிக்கை அது. தகவலை மறையீடு செய்யும் செயலிகளையும் வலிய கடவுச்சொற்களையும் மாணவர் பழகிக்கொள்வது நன்று; நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் வேலியிலே ஓட்டை தெரிந்தவன் வேலியைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவது தனிமனிதத் தீர்வு. ஓட்டை தெரியாத தாயும், பழைய தொலைபேசி வைத்திருக்கும் கூலித் தொழிலாளியும் உள்ளேயே நிற்கிறார்கள்.

ஆசிரியராகிய நமக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அரச அலுவலர் சமூக ஊடகங்களிலே கருத்து வெளியிடுவதைத் தடுத்து 2022 செப்டெம்பரிலே பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. தனியாளாக எதிர்த்தால் விசாரணை வரும். ஆகவே சங்கத்தின் பெயரால் எதிர்க்க வேண்டும். சங்கக் கூட்டங்களிலே சம்பள முரண்பாட்டோடு இதனையும் நிகழ்ச்சிநிரலில் வைக்க வேண்டும்.

2024 இலே ஆட்சி மாறியது. இச்சட்டத்தை எதிர்த்தவர்கள், இடதுசாரி மரபிலே தம்மை வைத்துக்கொள்பவர்கள், அதிகாரத்துக்கு வந்தனர்; சட்டத்தைத் திருத்துவோம் என்றனர். நம்மவர் ஆட்சி என்ற எண்ணத்தில் நம் நண்பர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்கு உவப்பாயில்லை. கருவி எவர் கையில் இருக்கிறது என்பதன்று பிரச்சினை; கை மாறிக்கொண்டேயிருக்கும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாறு இதைத்தானே சொல்கிறது?

இறுதியாக ஒரு வேலையைக் குறிப்பிட வேண்டும். நம் சட்டங்களின் கடைசிப் பிரிவிலே வழமையாக ஒரு வாக்கியம் வரும்: சிங்கள, தமிழ்ப் பாடங்களுக்கிடையே முரண் ஏற்படின் சிங்களப் பாடமே மேலோங்கும் என்று. நாம் தமிழிலே படித்து, இதுதான் சட்டம் என்று எண்ணிக்கொண்டிருப்பது நீதிமன்றத்திலே முழுவதும் செல்லாது. சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் குறித்த மண்ணிலே இவ்வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த சட்டமூலமோ, இச்சட்டத்தின் திருத்தமோ வர்த்தமானியில் வரும் கிழமையிலே, ஒரு சிங்கள ஆசிரியரும் ஒரு தமிழ் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து இரு பாடங்களையும் படித்தால் இரண்டு மூன்று மாலைகளிலே முடியும். வேறுபட்ட இடங்களை ஒரு தாளிலே குறித்து, மனுவைத் தயாரிக்கும் சட்டத்தரணியிடம் தவணை முடியுமுன் சேர்ப்பிக்கலாம்.