எடுத்தாளும் கலை: ஹிப் ஹாப் சாம்பிளிங்கின் பாணிகளும் தரமும்

ஹிப் ஹாப் என்றதும் நம்மில் பலருக்கு ராப் பாடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அந்த இசையில் முதலில் வந்தவர் இசைத்தட்டு போடுகிறவர். பாடகர் பிறகு வந்தார். ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து சில நொடிகளை எடுத்து, அதை அடித்தளமாக்கிப் புதுப் பாட்டைக் கட்டுவதற்குச் சாம்பிளிங் என்று பெயர். அடுத்தவர் உழைப்பில் குளிர்காயும் வேலை என்ற பழி இதன்மேல் வெகுகாலமாக உண்டு. பழி சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தக் கலைக்குத் தனித்தனிப் பாணிகள் இருக்கின்றன. எது நேர்த்தி, எது கேவலம் என்று கலைஞர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட வரைமுறையும் இருக்கிறது. சில இடங்களில் அது சட்டத்தைவிடக் கறாரானது.

இரண்டு தட்டு, ஒரே பாட்டு

1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. சிண்டி கேம்ப்பெல் ஏற்பாடு செய்த அந்த விருந்தில் அவருடைய அண்ணன் கிளைவ் இசைத்தட்டு போட்டார். ஜமைக்காவில் பிறந்த அவரை ஊர் அறிந்தது டிஜே கூல் ஹெர்க் என்ற பெயரில். பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுகிறவர்களுக்கு வேகம் பிறக்கிறது என்பதை ஹெர்க் கண்டுகொண்டார். 'பிரேக்' எனப்படும் அந்த இடம் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்த டர்ன்டேபிள்களில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். நொடிக்கணக்கில் இருந்த தாளம் நிமிஷக்கணக்கில் நீண்டது. ஜேம்ஸ் பிரவுனின் பாட்டுகளும் இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டின் 'அப்பாச்சி'யும் இந்த வழியில்தான் பிராங்க்ஸின் பொதுச் சொத்தாயின. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதே வேலையைத் துல்லியமாக்கினார். பிரேக் எங்கே தொடங்குகிறது என்று தட்டின்மேலேயே கிரேயானால் கோடு போட்டு, இம்மி பிசகாமல் அந்த இடத்துக்குத் திரும்பினார்.

பத்து நொடிக்குள்

கை வித்தையாக இருந்தது ஸ்டூடியோவுக்குள் போனபோது கருவி தேவைப்பட்டது. அப்படியொரு கருவி கைக்கு வருமுன், 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டுக்கு, ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' இசையை வாத்தியக் கலைஞர்களை வைத்து மறுபடி வாசித்தார்கள். எண்பதுகளின் நடுவில் குவீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த மார்லி மார்ல், பழைய தட்டிலிருந்து டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் தனியாகப் பிரித்தெடுத்து, தன் விருப்பப்படி மறுபடி கோக்கலாம் என்று கண்டுகொண்டார். 1973இல் ஹனி டிரிப்பர்ஸ் பதிவு செய்த 'இம்பீச் தி பிரசிடென்ட்' பாட்டின் டிரம்ஸ், எம்சி ஷானின் 'தி பிரிட்ஜ்' பாட்டில் புதுத் தாளமாக எழுந்தது.

1987இல் ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்பிளர் கருவி வந்தது. அதில் மொத்தமே ஏறக்குறைய 10 நொடி ஒலியைத்தான் சேமிக்கலாம். இடம் போதாதவர்கள் ஒரு வழி கண்டார்கள். 33 சுற்று வேகத் தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள், ஒலி சுருங்கும். பிறகு கருவிக்குள் அதன் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். இந்தச் சுருக்கலில் ஒலி சற்றுக் கரகரத்துப் போகும். அந்தக் கரகரப்பே ஒரு காலகட்டத்தின் குரலாயிற்று; இன்றைக்கும் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். மறு ஆண்டு ரோஜர் லின் வடிவமைத்த ஆக்காய் எம்பிசி-60 வந்தது. அதன் 16 'பேட்' விசைகளை விரலால் தட்டினால் பழைய பாட்டின் துண்டுகள் ஒலிக்கும். சாம்பிளரை ஒரு வாத்தியமாக வாசிக்கும் காலம் அங்கே தொடங்கியது.

பாணிகள்

முதலில் சொல்ல வேண்டியது அடுக்கும் பாணி. பப்ளிக் எனிமி குழுவின் பின்னால் இருந்த பாம் ஸ்குவாட், ஒரே பாட்டுக்குள் பல தட்டுகளின் துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. சைரன், கூச்சல், மேடைப்பேச்சு, டிரம்ஸ் எல்லாம் மோதும் அந்த ஒலிச் சுவரை 1988இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் கேட்கலாம். அதே முறையை விளையாட்டும் குதூகலமுமாக ஆக்கியவர் பிரின்ஸ் பால். டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம் அதற்குச் சான்று.

அடுத்தது ஜாஸ், சோல் தட்டுகளை நாடிய பாணி. எ டிரைப் கால்ட் குவெஸ்டும் பீட் ராக்கும் இதன் பெரிய பெயர்கள். பீட் ராக்கின் ஒரு வேலையை நெருங்கிப் பார்த்தால் இந்தக் கலையின் ஆழம் புரியும். 1992இல் அவரும் சி.எல். ஸ்மூத்தும் வெளியிட்ட 'தே ரெமினிஸ் ஓவர் யூ', 1990இல் இறந்துபோன நண்பர் டிராய் டிக்சனுக்கான அஞ்சலி. அதன் ஆதாரம், சாக்ஸபோன் கலைஞர் டாம் ஸ்காட் 1967இல் பதிவு செய்த 'டுடே'. அதுவே ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் காதல் பாட்டைத் தழுவியது. நீண்டு போகும் அந்தப் பதிவிலிருந்து பீட் ராக் ஒரு சிறிய சாக்ஸபோன் சொற்றொடரை எடுத்தார். மூலத்தில் அது கடந்துபோகும் ஓர் இடம். திரும்பத் திரும்ப வரும்போது அது விட்டு விட்டு எழும் புலம்பலாகிறது. அடியில் கனமான டிரம்ஸ் சேர்ந்ததும் துக்கத்துக்கு நடை கிடைக்கிறது. இருபத்தைந்து வருஷமாக அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்த உணர்ச்சி. அதைக் கேட்க ஒரு காது தேவைப்பட்டது.

மூன்றாவது, வெட்டிக் கோக்கும் பாணி. கேங் ஸ்டார் குழுவின் டிஜே பிரீமியர் இதில் வல்லவர். நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தில் (1994) 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டின் இருண்ட பியானோ, ஜோ சேம்பர்ஸின் 'மைண்ட் ரெய்ன்' பதிவிலிருந்து வந்தது. மூலத்தின் நளினம் போய், நள்ளிரவுத் தெருவின் அச்சம் அதில் ஏறியிருக்கிறது. வூ-டாங் கிளானின் ரிசா பழைய சோல் பாட்டுகளோடு குங்ஃபூ படங்களின் வசனங்களையும் கலந்தார். மேற்குக் கரையில் டாக்டர் டிரே, 'தி குரோனிக்' (1992) ஆல்பத்தில் பழைய ஃபங்க் இசையைப் பெரும்பாலும் வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசித்துப் பளபளப்பாக்கினார். கான்யே வெஸ்ட் 'த்ரூ தி வயர்' பாட்டில் சாக்கா கானின் குரலை வேகமேற்றிக் கீச்சுக் குரலாக்கி, அதிலும் உருக்கம் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

டெட்ராய்ட்டின் ஜே டில்லா தனிப் பாணி. கருவி தாளத்தைத் தானாக நேராக்கும் வசதியை அவர் பலமுறை ஒதுக்கிவைத்தார். அடி கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மனிதக் கை வாசித்த உணர்வு வரும். அவருடைய 'டோனட்ஸ்' ஆல்பம் 2006 பிப்ரவரி 7 அன்று, அவருக்கு 32 வயது நிறைந்த நாளில் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். அவர் வாசித்த எம்பிசி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமக்குத் தாமே வைத்த தரம்

சாம்பிளிங் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்த ஜோசப் ஷ்லாஸ், 2004இல் வெளியான 'மேக்கிங் பீட்ஸ்' நூலில் அவர்களுடைய எழுதாத விதிகளைப் பதிவு செய்திருக்கிறார். இன்னொருவர் எடுத்தாண்ட அதே இடத்தை அதே விதத்தில் எடுக்கக் கூடாது. இன்னொரு ஹிப் ஹாப் பாட்டிலிருந்து எடுக்கக் கூடாது. பிரேக்குகளை மட்டும் திரட்டி விற்கும் தொகுப்புத் தட்டுகளை நம்பக் கூடாது; மூலத் தட்டைக் கடை கடையாகத் தேடிக் கண்டெடுக்க வேண்டும். சக கலைஞர் எங்கிருந்து எடுத்தார் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. இவற்றைப் பற்றி அவர்களுக்குள் வாக்குவாதம் உண்டு, மீறியவர்களும் உண்டு. ஆனால் மீறுகிறவர் தான் எதை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறுகிறார்.

இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் மிஞ்சும். தேடினாயா? மாற்றினாயா? பிறர் கேட்காததை நீ கேட்டாயா? புகழ்பெற்ற பல்லவியை அப்படியே சுழலவிட்டு அதன்மேல் பாடுவது சந்தையில் வெல்லலாம். இந்த மூன்று கேள்வியில் அது தேறாது.

நீதிமன்றத்தின் அளவுகோல்

சட்டம் வேறு கேள்வி கேட்டது: யாருடையது? 1991இல் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதியின்றி எடுத்தாண்டதற்காக ராப்பர் பிஸ் மார்க்கிமேல் வழக்கு வந்தது. நீதிபதி கெவின் டஃபி தம் தீர்ப்பை 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் இரண்டு அனுமதி வாங்குவது வழக்கமாயிற்று: பாட்டை எழுதியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. 2005இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு நொடி கிட்டார் ஒலிக்கும் அனுமதி வேண்டும் என்றது. 2016இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது.

விளைவு என்ன? பல தட்டுகளை அடுக்கும் பாணி கட்டுப்படியாகாமல் போயிற்று. பணமுள்ளவர்கள் ஒரே பெரிய பாட்டை விலைகொடுத்து வாங்கி அப்படியே வைத்தார்கள். பழைய அனுமதிச் சிக்கல்களால் டி லா சோலின் முதல் ஆல்பம் 2023 மார்ச் வரை இணைய இசைச் சேவைகளுக்கு வரமுடியவில்லை. கலையின் அளவுகோலில் உயர்ந்து நின்றதைச் சட்டம் முடக்கியது. அந்த அளவுகோலில் தாழ்ந்ததற்கு வழிவிட்டது.

டிரம்மருக்குப் பட்ட கடன்

ஆனாலும் கலைஞர்களின் வரைமுறையில் ஒரு பெரிய குறை உண்டு. இந்தக் கலையை நேசிக்கிறவர்கள்தான் அதை முதலில் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1969இல் பதிவானது. அதில் டிரம்ஸைத் தனித்து வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். எண்ணற்ற ஹிப் ஹாப் பாட்டுகள் அவருடைய கையின்மேல் நிற்கின்றன. பாட்டின் உரிமை அவரிடம் இல்லாததால் அந்த சாம்பிள்களுக்கான உரிமைத்தொகையும் அவருக்கு வரவில்லை. வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் சில நொடி டிரம்ஸ் வாசித்த கிரெகரி கோல்மன் 2006இல் வீடற்றவராக இறந்தார். இங்கே இரண்டு அளவுகோலும் தோற்றன. சட்டம் உரிமையாளரைப் பார்த்தது, வாசித்தவரைப் பார்க்கவில்லை. கலைஞர்களின் மரபோ மூலத்தை மறைப்பதைப் பண்பாக வைத்ததால், வாசித்தவரின் பெயரும் சேர்ந்து மறைந்தது.

வாசித்தவர் யார் என்ற இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'எலிஃபங்க் தீம்' (2003), 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டை எடுத்தாண்டது. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் வந்த லண்டன் கலைஞர் மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' இருக்கிறது. அவற்றைக் கேட்டு நாம் பெருமைப்படுகிறோம். இசையமைப்பாளர் பெயரைச் சொல்கிறோம். அந்தத் தாளத்தை வாசித்த கைகள் யாருடையவை என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? நம் திரைப்பாடல் தட்டுகளின் உறைகளில் அந்தப் பெயர்கள் அச்சானதே அபூர்வம்.

ஆகவே மூன்று கேள்விகளோடு நான்காவதையும் சேர்க்கச் சொல்கிறேன்: வாசித்தவர் பெயரைச் சொன்னாயா, அவருக்குப் பங்கு கொடுத்தாயா? எடுத்தாளுகிறவர்களுக்கு மட்டுமல்ல, பதிவு செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இன்று சென்னையில் பதிவாகும் பாட்டின் சில நொடிகளை நாற்பது வருஷம் கழித்து எங்கோ ஒருவர் தேடி எடுப்பார். அவர் கையில் பாட்டோடு கலைஞர்களின் பெயர்ப் பட்டியலும் கிடைக்கும்படி செய்வது இன்றைக்கே முடிகிற காரியம்.