வீட்டாளைக் கண்டால் குரைக்காது

தொலைந்ததைத் தேடித் தரும் டேக் ஒன்றை வாங்கி எட்டு வாரம் ஆகிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை. ஆப்பிளின் ஏர்டேக் இல்லை, ஆப்பிளின் ‘ஃபைண்ட் மை’ வலையில் சேர்ந்துகொள்ளும் வேறொரு கம்பெனியுடையது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை இந்த ரகத்துக்கே பொதுவானது.

ஏர்டேக் வாங்காததற்கு விலை மட்டும் காரணமில்லை. 2021-ல் 3,190 ரூபாய்க்கு அது இங்கே வந்தபோது கையில் எடுத்துப் பார்த்தேன். வளையம் கோக்க ஓர் ஓட்டை கிடையாது! சாவியில் மாட்டத்தான் இந்தப் பொருளே. அந்த ஓட்டைக்குத் தனியாக ஓர் உறை வாங்க வேண்டும். ஆப்பிள் விற்ற தோல் உறையின் விலை டேக்கின் விலையையே தாண்டியது. பத்து வருஷமாக ஐபோன் வைத்திருக்கும் உரிமையில் சொல்கிறேன், இது கொழுப்பு. என் டேக்கில் ஓட்டை இருக்கிறது, விலையும் பாதிக்குக் கீழே.

இதற்குள் ஜிபிஎஸ் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. டேக் ப்ளூடூத்தில் சதா முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனாவது அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைப் பூட்டுப் போட்டு ஆப்பிளுக்கு அனுப்பும். பூட்டின் சாவி என் போனில் மட்டும். ஆகவே ஐபோன்கள் நடமாடும் இடத்தில்தான் டேக்குக்கு வாய் உண்டு. ரங்கநாதன் தெருவில் நிமிஷத்துக்கு நிமிஷம் பேசியது. சித்தப்பா கையில் கும்பகோணத்துக்கு அந்தண்டை கிராமத்துக்குக் கொடுத்தனுப்பினேன், இரண்டு நாளும் ஊமை. மற்றபடி சாவியை இரண்டு தடவை கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒரு தடவை அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

மூன்றாவது வாரம் டேக்கை அம்மாவின் பையில் போட்டேன்.

அம்மா பையைத் தொலைப்பவள். ஒரு தடவை ஷேர் ஆட்டோவில், ஒரு தடவை ரேஷன் கடையில். ஜிப் வைத்த உள்பையில் டேக்கைப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘எனக்கு எதுக்குடி’ என்பாள். நல்ல எண்ணம்தான். இந்த வரியைத் திரும்பப் படித்தால் இப்போது கூசுகிறது.

முதல் சில நாள் பை எங்கே என்று பார்த்தேன். பிறகு அம்மா எங்கே என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆபீசில் மீட்டிங் இழுக்கும்போது கை தானாக அந்த ஆப்புக்குப் போகும். அயோத்தியா மண்டபத்தில் புள்ளி, சரி, உபன்யாசம். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் புள்ளி, சரி, காய்கறி. வியாழக்கிழமை அசோக் நகர் ஆஞ்சநேயர் கோயில் என்று சொல்லிவிட்டுப் போவாள். புள்ளியோ கோடம்பாக்கத்தில் ஒரு தெருவில் இரண்டு மணிநேரம் அசையாமல் நிற்கும். அடுத்த வியாழனும் அதே தெரு. மூன்றாவது வியாழன் ராத்திரி அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாய் தவறிவிட்டது.

“கோடம்பாக்கத்துல என்னம்மா வேலை?”

அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். “நான் அங்க போனேன்னு உனக்கு யாரு சொன்னா?”

வேறு வழியில்லாமல் பையைத் திறந்து எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். இப்படி யாராவது தெரியாமல் வைத்தால் அதுவே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

“கத்தலியே” என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடித்தான் மற்ற மூன்று வாரமும் போனது.

இந்தப் பொருளுக்கு இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். ஒன்று போன் எச்சரிக்கை. யாருடையதோ ஒரு டேக் உங்களோடு நகர்ந்து வந்தால் உங்கள் போன் சொல்லும். முதலில் இது ஐபோனுக்கு மட்டும்தான் இருந்தது. 2021 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கு ஆப்பிள் ஓர் ஆப் விட்டது, அதையும் நாமே திறந்து தேட வேண்டும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்கள் தானாகவே தேடும் ‘ஏர்கார்ட்’ ஆப்பை அதற்குச் சில மாதம் முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆப்பிளும் கூகுளும் கைகோத்து இரண்டு வகைப் போனிலும் எச்சரிக்கை வரச் செய்தது 2024 மே மாதத்தில்தான். அது வேலை செய்கிறது. ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டு டேக்கை அவள் பையில் போட்டு அனுப்பினேன். சாயங்காலமே அவள் ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை வந்தது, கூடவே டேக் அவளோடு வந்த வழி வரைபடத்தில். சத்தம் எழுப்பும் பொத்தானைத் தட்டினாள். டேக் கொசுவாகக் கத்தியது. மாநகரப் பேருந்தில் அது யார் காதிலும் விழாது.

இரண்டாவது காவல் டேக்கின் சொந்தக் குரல். உரிமையாளரை விட்டுப் பிரிந்து வெகுநேரம் ஆனபின் யாராவது அசைத்தால் தானே சத்தம் போடும். தொடக்கத்தில் மூன்று நாள் என்று வைத்திருந்தார்கள். கண்டனம் எழவே 2021 ஜூனில் 8 முதல் 24 மணிநேரத்துக்குள் என்று குறைத்தார்கள். கோளாறு இங்கேதான். உரிமையாளரின் போன் பக்கத்தில் வந்த மாத்திரத்தில் அந்தக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். நான் காலையில் ஆபீஸ் போகிறேன், ராத்திரி எட்டு மணிக்குள் வீடு. அம்மாவின் பை கூடத்து ஆணியில் தொங்குகிறது, என் போன் அதற்கு நேர் கீழே சார்ஜில். டேக்கைப் பொறுத்தவரை தினமும் நல்லபடியாக வீடு திரும்பியாயிற்று, கத்த என்ன இருக்கிறது? அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆக இரண்டு காவலும் போயிற்று.

வேற்றாளைப் பார்த்தால் குரைத்து வீட்டாளைப் பார்த்தால் வாலாட்டும் நாய் இது. கெட்ட எண்ணத்தோடு வருபவன் வெளியாளாகத்தான் இருப்பான் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு பெண்கள் ஆப்பிள்மீது வழக்குப் போட்டார்கள். ஒருவருக்குக் காரின் சக்கரக் குழியில் டேக்கை வைத்தது முன்னாள் காதலன் என்பது புகார். மற்றவருக்குப் பிரிந்துபோன கணவன், குழந்தையின் புத்தகப்பையில். 2024 மார்ச்சில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா வழக்கை முழுதாகத் தள்ளிவிட மறுத்து, சில கோரிக்கைகளைத் தொடர அனுமதித்தார்.

நம் ஊர்ச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ளப் பார்ப்பது, அவளுடைய இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பது இரண்டும் குற்றம். முதல் தடவை மூன்றாண்டு வரை சிறை. வாயே திறக்காமல் வீட்டில் உட்கார்ந்து புள்ளி பார்ப்பவனை இந்தச் சொற்களுக்குள் கொண்டுவர வக்கீல் மெனக்கெட வேண்டியிருக்கும். தவிர, அந்தப் பிரிவு ஆணைப் பற்றியது. மகளைப் பற்றி ஒன்றுமில்லை.

பேட்டரி, தண்ணீர் பட்டால் தாங்குமா, இதெல்லாம் கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. பெட்டிக்கு, ஸ்கூட்டருக்கு, சாவிக்குத் தாராளமாக வாங்கலாம். ஆள் சுமக்கும் பையில் போடுவதானால் அந்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். உங்கள் பையில் தெரியாத டேக் ஒன்று கிடைத்தால் உடைக்காதீர்கள். கிடந்த இடத்தோடு படம் எடுங்கள். ஏர்டேக் என்றால் போனின் மேல்பக்கத்தை அதன் வெள்ளைப் பக்கத்தில் வையுங்கள், வரிசை எண் வரும், அதைக் குறித்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள். பேட்டரியைக் கழற்றினால் புள்ளி அங்கேயே நின்றுவிடும், வைத்தவருக்கும் அது தெரியும். வீட்டுக்குள்ளிருக்கும் ஆள்மீதே சந்தேகமென்றால் கழற்றுமுன் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசிவிடுங்கள்.

கோடம்பாக்கத்தில் என்ன என்று அம்மா சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. டேக் இப்போது ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில். வியாழக்கிழமைதோறும் அம்மா கிளம்புமுன் பையை என் எதிரே கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குகிறாள்.