மின்சாரம் போன பிறகு

ஒரு பாட்டு நல்ல பாட்டுத்தானா என்று தீர்ப்புச் சொல்ல வித்வத்சபை வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் போதும். இதை நான் பனமரத்துப்பட்டியில் கற்றுக்கொண்டேன்.

சேலத்துக்குத் தெற்கே, ஜருகு மலைப் பக்கத்து ஊர் அது. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பெரிய ஏரி அங்கே இருக்கிறது. இன்று அந்த ஊரின் பெயரைச் சொல்வது அரளிப் பூ. விடிவதற்குள் மொட்டுப் பறித்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படிப் பறிக்கிற ஜனங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடுகிற சிறிய சபை ஒன்றுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். ஜபத்துக்காக நான் போகவில்லை. பாட்டுக் கேட்கப் போனேன். உண்மையைச் சொன்னால், குறை சொல்லப் போனேன்.

குறை சொல்வதற்கு இருக்கத்தான் செய்தது. கீபோர்டு, கிதார், டிரம்ஸ், நாலு மைக், சுவரளவு ஒலிபெருக்கி. இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பது ரகசியமல்ல. 1983-ல் சிட்னி நகரத்தில் தோன்றிய ஹில்சாங் சபையின் பாட்டுக் குழு, தன் பாடல்களை உலகமெங்கும் பரப்பிற்று. ஒரு சபையில் பிறந்த பாட்டு, ஒலிநாடாவிலும் பிறகு கைப்பேசியிலும் ஏறி ஆயிரம் சபைகளுக்குப் போயிற்று. தமிழிலோ, கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ தொகுதி தொகுதியாக வந்து ஏற்கனவே வழி திறந்து வைத்திருந்தது. இன்று கிராமத்துப் பையன்கள் இரண்டையும் கலந்து வாசிக்கிறார்கள்.

அன்று முதலில் பாடியது ஓர் ஆங்கிலப் பாட்டின் தமிழ் உருவம். மெட்டு அப்படியே இருந்தது. தமிழைத்தான் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலப் பாட்டில் சொல்லின் அழுத்தம் தாளத்தில் விழுந்தால் போதும். தமிழில் மாத்திரை இருக்கிறதே! குறிலை நெடிலாக்கினால் சொல்லே வேறாகிவிடும். ‘மனம்’ என்பதன் முதலெழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்துப் பாருங்கள், ‘மானம்’ போய்விடும். கர்நாடக சங்கீதத்தில் இழுப்பதில்லையா என்று கேட்பீர்கள். உண்டுதான். ஆனால் நல்ல சாகித்யகர்த்தா கூடியவரை நெடிலில் நின்று, குறிலில் கடந்துபோவான்.

இது புதிய தகராறும் அல்ல. தரங்கம்பாடிக்கு 1706-ல் ஜெர்மன் பாதிரிமார் வந்தார்கள். ஜெர்மன் மெட்டுக்களில் தமிழ் வார்த்தைகளை ஏற்றி ஞானப்பாட்டுக்கள் செய்தார்கள். பிறகு தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தோன்றி, ராகமும் தாளமும் பல்லவியும் சரணமுமாகக் கீர்த்தனைகள் செய்தார்; குறவஞ்சியைக்கூடப் பெத்லகேமுக்கு அழைத்துப் போனார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அவருடைய கீர்த்தனைகளையும் சேர்த்து 1853-ல் வழிபாட்டுப் புத்தகமாக்கினார். இரவல் மெட்டு சொந்த மெட்டாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

என் இரண்டாவது குறை, ‘நான்’. அன்று கேட்ட பாட்டுக்களில் எல்லாம் நான், எனக்கு, என்னை என்பதுதான். தாவீதின் சங்கீதங்களிலும் ‘நான்’ இல்லையா? இருக்கிறது. அந்த நானுக்கு ஆடு உண்டு, மேய்ச்சல் உண்டு, விரட்டுகிற எதிரி உண்டு. இந்த ‘நா’னுக்கு முகவரியே இல்லை. அரளித் தோட்டத்திலிருந்து வந்தவனும் சிட்னியிலிருந்து வந்தவனும் ஒரே வரியைப் பாடலாம். இருவரில் யாருடைய கவலையும் அதில் இராது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதை உணர்ந்தவர். ‘பரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் வழிபாடு செய்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதைத் தம் இறையியலுக்கு நடுவில் வைத்தார். பாடுகிற ஜனங்கள் மாற்றிக்கொள்ள முடிகிற பாட்டே அவர்களுடைய பாட்டு என்பது அவர் கட்சி.

இவ்வளவையும் மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். அப்போது மின்சாரம் போயிற்று.

கீபோர்டு ஊமையாயிற்று. மைக் செத்தது. நடுவில் நின்றுபோன பாட்டு, அன்றைய இரண்டாவது. மொழிபெயர்ப்பல்ல, நாலே வரியில் இங்கேயே யாரோ கட்டியது. ‘இப்போது பாட்டிமார்கள் பழைய கீர்த்தனையை எடுப்பார்கள், என் கட்டுரைக்கு நல்ல முடிவு’ என்று காத்திருந்தேன். ஜமுக்காளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கிழவி எடுத்தாள். கீர்த்தனையை அல்ல. நின்றுபோன அந்தப் புதுப் பாட்டையே எடுத்தாள்! வேகத்தைப் பாதியாக்கினாள். நீட்டியிருந்த குறில்களையெல்லாம் சுருக்கினாள். ‘என்’ வர வேண்டிய இடத்தில் ‘எங்க’ என்றாள். இருட்டில் நாற்பது பேர் பின்பாட்டுப் பாடினார்கள். முதல் பாட்டை மட்டும் யாரும் எடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: “ஏனுங்கம்மா, பாட்டை மாத்திட்டீங்களே?”

“மாத்தலீங்களே. நம்ம பாட்டுத்தானுங்க அது. அவங்க பாடற வேகத்துக்கு எனக்கு மூச்சு நிக்காதுங்க.”

பழையது நல்லது, புதியது மட்டம் என்று எழுதவிருந்த கட்டுரையை நான் கிழித்துப்போட வேண்டியதாயிற்று. வாத்தியம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது அற்ப விஷயம். ஆர்மோனியமும் கடல் தாண்டி வந்ததுதான். சபை தன் மூச்சுக்குத் தக்கபடி பாட்டைத் திருத்திக்கொள்ள இடமிருக்கிறதா என்பதே கேள்வி. வாத்தியக் கோஷ்டி எல்லா இடத்தையும் தானே நிரப்பிவிட்டால் சபை ரசிகர் கூட்டமாகிவிடும்; கை தட்டும், பாடாது. சினிமாக் கொட்டகைக்கும் கோயிலுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

அந்தப் பையன்களைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அநியாயம் செய்தவனாவேன். மின்சாரம் திரும்பியபோது பாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது. கீபோர்டுக்காரன் உடனே பாய்ந்துவிடவில்லை. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, கிழவியின் சுருதியைத் தேடினான். இரண்டு மூன்று கட்டைகளில் தடுமாறி, கண்டுபிடித்தான். டிரம்ஸ் வாசித்தவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய தாளத்துக்குக் கையால் தட்டினான்.

இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.