ரென்னலின் வங்காளப் படம்: ஆறும் பெயரும்

ஜேம்ஸ் ரென்னல் 1779இல் வெளியிட்ட வங்காள நிலப்படத் தொகுதியை நில அளவை வரலாற்றாசிரியர் போற்றுவர். மொழிபெயர்ப்பாளரும் அதனை ஒரு பனுவலாகவே படித்தல் வேண்டும்.

தீஸ்தாப் படுகை தக்க சான்று. ரென்னலின் படத்தில் அவ்வியாறு தெற்கே இறங்கி, ஆத்ராயி வழியாகக் கங்கையை நோக்கிச் செல்கிறது. 1787ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அது தென்கிழக்கே திரும்பிப் பிரமபுத்திராவை அடைந்தது. பெயர் நீரோடு போயிற்று. கைவிடப்பட்ட தடங்கள் சில ‘புடி தீஸ்தா’, ‘மரா தீஸ்தா’ என, அதாவது கிழவி என்றும் செத்தது என்றும், வழங்கலாயின. ஆதலின் படத்திலுள்ள தீஸ்தாவை இன்றைய தீஸ்தாவெனக் குறிப்பெழுதுவோர் சொல்லை ஒக்கப் பெயர்த்துப் பொருளைத் தவறவிடுகின்றனர்.

எழுத்துக்கூட்டல் வேறொரு சிக்கல். ரென்னல் 1781இல் அரசக் கழகத்திற்கு எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே பிரமபுத்திரா ‘பர்ரம்பூட்டர்’ ஆகிறது. பின்னாளில் ஹண்டரின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் பயின்றோர் இதனைப் பிழையென்பர். எனக்கு உடன்பாடில்லை. மெய்ம்மயக்கத்தை உயிரிட்டு உடைக்கும் வழக்கு இதிற் புலனாகிறது. தமிழரும் அதனையே செய்கிறோம். எனினும் ரென்னல் கேட்டது ஓடக்காரர் வாய்மொழியையா, துபாஷியின் உச்சரிப்பையா என்பதைப் படம் சொல்வதில்லை. ஆகவே இவ்வடிவத்தை வட்டார வழக்கிற்கு நேர்ச்சான்றாகக் கொள்ளலாகாது. ஆயின் மொழிபெயர்ப்பில் திருத்தாது அப்படியே நிறுத்தி, இன்றைய வடிவை அடிக்குறிப்பில் தரலாம்.