கணக்கு வாத்தியாருக்கு ஏற்ற பேனாவா? ‘ஒன் பை வாகாம்’ ஒரு பார்வை

ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறவர்கள் முதலில் காசு போடுவது கேமராவிலும் மைக்கிலும்தான். ஆனால் கணக்கோ, வேதியியல் சமன்பாடோ, யாப்பில் அலகிடுதலோ நடத்துகிறவருக்கு முகத்தைவிட எழுத்து முக்கியம். மவுஸைப் பிடித்து ஒரு வர்க்கமூலக் குறி போட்டுப் பார்த்தாலே பாடு தெரிந்துவிடும். ‘ஞ’ எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் ஜப்பானின் வாகாம் நிறுவனம் தயாரிக்கும் ‘ஒன் பை வாகாம்’ பென் டேப்லெட்டை, அதில் சிறிய மாடலை, என் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷனில் பயன்படுத்திப் பார்த்தேன்.

கையில் எடுத்தால்

திரை கிடையாது, வெறும் பலகை. எழுதும் பரப்பு 152 × 95 மில்லிமீட்டர், எடை சுமார் 250 கிராம். யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைகிறது. பேனாவுக்குப் பேட்டரி இல்லை; பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பாதி வகுப்பில் சார்ஜ் தீரும் கவலை இல்லை. அழுத்தத்தை 2048 படிகளில் உணரும் என்பது ஓவியர்களுக்கான பெருமை. ஆசிரியருக்குக் கோடு அறுபடாமல் வந்தால் போதும், அது வருகிறது.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கை மேசையில், கண் திரையில். ஆரம்பத்தில் எழுத்து கோணல்மாணலாகத்தான் விழும். பேனாவைப் பலகையில் படாமல் சற்று மேலே பிடித்தாலே கர்சர் நகரும். இடத்தைப் பார்த்துக்கொண்டு பிறகு இறக்குங்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, குனிந்து கையைப் பார்க்காமல் விடைகளை எழுதிப் பழகினால் பிடி கிடைத்துவிடும்.

வாங்கியதும் மாற்ற வேண்டியவை

பலகையின் விகிதம் 16:10, பெரும்பாலான லேப்டாப் திரைகள் 16:9. அப்படியே விட்டால் நீங்கள் போடும் வட்டம் பக்கவாட்டில் இழுபட்டு நீள்வட்டமாகும். வாகாம் அமைப்புகளில் ‘ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பலகையில் ஒரு சென்டிமீட்டர் உயரம் வீணாகும். வட்டம் வட்டமாக இருக்கும்.

கூடுதலாக ஒரு மானிட்டர் இணைத்திருந்தால், இரண்டு திரைக்கும் சேர்த்துப் பலகை பங்கிடப்பட்டு எழுத்து அகன்றுபோகும். எழுதும் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பேனாவில் உள்ள இரண்டு பொத்தான்களில் ஒன்றை ‘அன்டூ’வுக்கு ஒதுக்கிவிட்டால், அழிப்பானைத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

பலகை வழுக்குகிறது என்று தோன்றினால் மேலே ஒரு ஏ4 தாளை ஒட்டிக்கொள்ளலாம். தாளை ஊடுருவியும் பேனா வேலை செய்யும். நோட்டில் எழுதுகிற பிடிமானம் வரும். என்ன, நிப் சீக்கிரம் தேயும். பெட்டியிலேயே மாற்று நிப்கள் மூன்று கொடுக்கிறார்கள்.

வகுப்பில்

எழுதுவதற்கு நான் பரிந்துரைப்பது இலவசமாகக் கிடைக்கும் ‘ஓப்பன்போர்டு’. விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் ஓடும். அளவுகோல், பாகைமானி, காம்பஸ் எல்லாம் உள்ளேயே இருப்பதால் வடிவியல் பாடத்துக்கு வேறொன்றும் தேட வேண்டாம். பக்கம் நிறைந்தால் அழிக்காதீர்கள். புதுப் பக்கம் போடுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். நெட் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அதுதான் நோட்ஸ்.

எதிர்முனையில் பெரும்பாலும் செல்போன்தான் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பதினைந்து அங்குலத் திரையில் அளவாகத் தெரியும் அடுக்குக்குறி, அங்கே புள்ளியாகிவிடும். தடித்த கோடு, பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஆறேழு வரி. ஜூமில் ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது ‘ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது அசைவுக்காக எழுத்தின் கூர்மையைக் குறைக்கும். மாணவர்கள் உங்கள் பக்கத்தில் கிறுக்கும் வசதியையும் தேவைப்படும்போது மட்டும் திறந்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கேமராவை அணைத்தால் டேட்டாவும் மிஞ்சும்.

இலவசக் கணக்கில் ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும்; கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஒரு பீரியடுக்கு 40 போதும். ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தைச் சந்தேகங்களுக்கு ஒதுக்கி, அதற்கேற்பக் கணக்குகளைத் திட்டமிடுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

செல்போனிலேயே வகுப்பு எடுப்பவர்களுக்கு இது உதவாது. விண்டோஸ், மேக், குரோம்புக் ஆகியவற்றுக்கென்றே வந்த மாடல். பலகையின் ஓரத்தில் ஷார்ட்கட் பொத்தான்களும் இல்லை. நிறம் மாற்ற ஒவ்வொரு முறையும் திரையின் மெனுவுக்குப் போக வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மணிச்சட்டம், இலை, விதை என்று பொருளைக் காட்டிப் பாடம் நடத்துகிறவர்கள். அவர்களுக்குச் செல்போனை, பின்கேமரா கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டி, அதே வகுப்பில் இரண்டாவது ஆளாகச் சேர்ப்பது நல்ல வழி. செலவு ஸ்டாண்டுக்கு மட்டும்தான். அந்தப் போனின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும்.

நாள்தோறும் படிப்படியாக எழுதிக் காட்டும் ஆசிரியருக்கு, சில ஆயிரம் ரூபாயில் இது நியாயமான முதலீடு. வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பவர் ஸ்டாண்டும் வெள்ளைத் தாளும் வைத்துச் சமாளிக்கலாம். புது வெப்கேம் வாங்க நினைப்பவர் கணக்கு வாத்தியாராக இருந்தால், அந்தக் காசை முதலில் பேனாவில் போடட்டும்.