அல்லியரசாணி மாலை: வாளேந்திய அரசியும் உறக்கத்தில் ஏறிய தாலியும்

இல்லத்திலோ சபைச் சங்கத்திலோ பெண்ணொருத்தி தன் கருத்தைச் சற்று உறுதியாக எடுத்துரைத்துவிட்டால், "அங்கே அல்லி தர்பார் நடக்கிறது" என்று நகைப்பது தமிழர் வழக்கம். இவ்வாறு நகைப்போருள் அல்லியின் கதையை முழுமையாகப் படித்தோர் சிலரே. இறையியல் பயிலும் நாம் அக்கதைப்பாடலை ஒருமுறை நிதானமாக நோக்குவது பயனுடையதாகும்.

அல்லியரசாணி மாலையை நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் பெயரால் வழங்குவது மரபு. அவர் பிறந்த ஊராகச் சொல்லப்படும் பொன்விளைந்த களத்தூர், தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டை அடுத்து உள்ளது. ஒட்டக்கூத்தரால் சிறையுண்ட புகழேந்தி, நீரெடுக்கச் சென்ற பெண்களுக்காக இத்தகைய கதைகளைப் பாடினார் என்பது செவிவழிச் செய்தி. நளவெண்பாவின் செறிந்த நடைக்கும் இம்மாலையின் எளிய நடைக்கும் உள்ள தொலைவைக் காண்போர் இது பிற்காலத்துப் பாடல் என்றே கொள்வர். ஆயினும் அச்செவிவழிச் செய்தி ஓர் உண்மையை உணர்த்துகிறது: இக்கதையைப் பெண்களும் கேட்டனர், பெண்களுக்காகப் பாடப்பட்டதாகவே நாடும் நம்பியது. பின்னர் 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளாக அச்சேறி, திண்ணைகளில் உரக்க வாசிக்கப்பட்டு, நாடக மேடையிலும் திரைப்படத்திலும் இடம்பெற்றது.

கதையின் சுருக்கம் இது. மதுரைப் பாண்டியனுக்கு அல்லி மலரில் கிடைத்த மகள் அல்லி. நாட்டைக் கவர்ந்துகொண்ட நீண்முகனை வென்று அவள் அரியணை ஏறுகிறாள். ஆடவனை மணக்க விரும்பாது, பெண்கள் புடைசூழ ஆட்சி புரிகிறாள். அவள்மீது காதல்கொண்ட அருச்சுனன், நேர்வழியில் அவளை அடைய இயலாமல், கண்ணனின் துணையோடு பாம்புருவில் பள்ளியறை புகுந்து, உறங்குகின்றவளின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். விழித்த அல்லி சினந்து எழுகிறாள். முடிவில் அவனுக்கு மனைவியாகிப் புலந்திரனைப் பெறுகிறாள்.

வியாச பாரதத்தில் இத்தகைய அல்லி இல்லை. அங்கே அருச்சுனன் சித்திராங்கதையைக் கேட்டது அவள் தந்தையிடம். தந்தை இசைந்தே மகளைக் கொடுத்தார். வஞ்சகத்தைச் சேர்த்தது தமிழ்க் கதைப்பாடலே. ஏன் சேர்த்தது என்பதே திறனாய்வுக்குரிய வினா.

இம்மாலைக்குக் குறைகள் உண்டு. ஒரே வருணனை பலமுறை திரும்ப வருகிறது. எண்ணிக்கைகள் நம்பத்தகாதவாறு பெருகுகின்றன. இவை வாய்மொழிப் பாடலின் இயல்புகள் எனப் பொறுக்கலாம். இதன் தனிச்சிறப்பை உணரத் திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டியோடு ஒப்பிடல் வேண்டும். அவளும் பாண்டியன் மகள், திக்குவிசயம் செய்தவள். கயிலையில் சிவபெருமானைக் கண்டதும் அவளுடைய மூன்றாம் தனம் மறைகிறது. வீரம் நாணமாக மாறுகிறது. அங்கே பெண்ணின் பணிவு உள்ளிருந்து எழுவதாகப் புராணம் காட்டுகிறது. அல்லியோ அருச்சுனனைக் கண்டு நாணவில்லை. காண்டீபம் ஏந்திய வீரனும் அவளை அறப்போரில் வென்று மணக்கவில்லை. அவன் நாடிய கருவிகள் இரண்டு: மாறுவேடம், அவளுடைய உறக்கம். அவளைப் பணியவைக்க நேர்மையான வழியொன்றும் இல்லை என்பதைக் கதைப்பாடல் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதலே இதன் இலக்கிய வலிமை என்பது என் துணிபு.

ஆனால் கேட்டவர் நினைவில் தங்கியது எது? அருச்சுனனின் வஞ்சகம் பழமொழியாகவில்லை. அல்லியின் ஆட்சியே ஏளனச் சொல்லாயிற்று. களவாய்க் கட்டிய தாலியைக் கண்டு அவை சிரிக்கிறது. சினந்தெழுந்த பெண்ணையோ அடங்காதவள் என்கிறது.

திருமறையில் நியாயாதிபதிகளின் புத்தகம் நான்காம், ஐந்தாம் அதிகாரங்களை இதனருகே வைத்து நோக்குவோம். தெபொராள் லப்பிதோத்தின் மனைவி. அவள் நியாயம் விசாரித்ததற்கு அது தடையாகவில்லை. பாராக் அவளின்றிப் போருக்குச் செல்ல மறுத்தான். அக்கதையிலும் உறக்கத்தில் ஒரு வஞ்சகம் உண்டு; ஆனால் உறங்குகிறவன் படைத்தலைவன் சிசெரா, ஆணி அறைகிறவள் யாகேல். அச்செயலும் நமக்கு எளிதில் செரிப்பதன்று. எனினும் வென்ற பெண்ணை அடக்கிய பின்னரே கதையை முடிக்க வேண்டும் என்ற கவலை அந்நூலாசிரியருக்கு இல்லை. தேசம் நாற்பது ஆண்டுகள் அமைதியாயிருந்தது என்று கூறி அவர் நிறுத்திக்கொள்கிறார்.

இவ்வொப்பீடு ஆயர்பணிக்குத் தொலைவானதன்று. தமிழ்த் திருச்சபைகளில் தாலி வழக்கில் உள்ளது. நம் திருமண ஒழுங்கில் அதற்கு முன்பாக மணமகளை நோக்கி ஒரு வினா கேட்கிறோம். அவள் வாய்திறந்து விடைகூற வேண்டும். உறங்குகிற பெண் அவ்வினாவுக்கு விடையளிக்க இயலாது. அஞ்சி அடங்கியவளின் முணுமுணுப்பும் விடையாகாது. மண்டபத்திற்கு நேரமாயிற்று என்று அவ்வினாவை விரைந்து கடக்கும் குருவானவர், அருச்சுனனுக்குத் துணைநின்ற கண்ணனின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்கிறார்.

ஆகவே மாணவர் இந்நூலைத் தள்ளிவிடாது படிப்பாராக. படிக்கையில் தாலி கட்டிய இரவோடு நின்றுவிடாமல், மறுநாள் விழித்தெழுந்த அல்லியின் சினத்திற்கும் செவிகொடுப்பாராக. அச்சினம் அடங்காமையன்று. கேட்கப்படாத வினாவுக்கு அவள் அளித்த விடை அது.