வழிகாட்டிகளும் ஆற்றுப்படையும்

மலைவாசஸ்தலங்களுக்குப் போகிறவர்களுக்காக அச்சிடப்படும் கைப்புத்தகங்களை நான் விரும்பிப் படிக்கிறவன். நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் படிப்பேன். ஒரே வித்தியாசம், நாவலில் அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாது. இவற்றில் நன்றாகத் தெரியும். கொடைக்கானலில் 'ஒரே நாளில் நடந்து பார்க்கத் தக்க இடங்கள்' என்று தலைப்பு இருந்தால், ஏரியைச் சுற்றி ஒரு நடை, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, டால்பின் மூக்கு என்று ஜாபிதா வரும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிலோ மீட்டர் என்று ஓர் எண் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் 'கண்கொள்ளாக் காட்சி' அல்லது 'இயற்கை அன்னையின் எழில்' இருக்கும். மூடுபனி இருந்தால் ஒன்றும் தெரியாது என்ற எச்சரிக்கையோடு விஷயம் முடிந்து போகும்.

இதையெல்லாம் விமரிசனத்துக்கு எடுத்துக் கொள்ளலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். கட்டாயம் எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. நாவலைப் படித்தவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறான். வழிகாட்டியைப் படித்தவனோ அது சொன்ன இடத்துக்குப் போய், அது சொன்ன பக்கம் திரும்பி நிற்கிறான். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்போதே, எதைப் பார்க்க வேண்டாம் என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நம் நாவலாசிரியர்களில் யாருக்கும் இவ்வளவு அதிகாரம் கிடையாது.

இந்த ரசனை நமக்கு எங்கிருந்து வந்தது? 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் கொண்டது சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்புவதற்காக. 1872-இல் கோக்கர் என்ற ஆங்கில அதிகாரி மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். அங்கிருந்து கீழே பார்த்தால் வயல்கள் பாய் விரித்தாற்போல் தெரியும்; வயலில் நாற்று நடுகிறவள் தெரிய மாட்டாள். அந்தக் காட்சியின் அழகில் பாதி, ஆட்கள் தெரியாத தூரத்தில் நாம் நிற்பதால் வருவது. வெள்ளைக்காரர்கள் அப்படிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. அவர்கள் தப்பி வந்தவர்கள். அவர்கள் போட்ட பாதையை வாங்கிக் கொண்ட நாம், அந்தப் பார்வையையும் சேர்த்து வாங்கிக் கொண்டுவிட்டோம் என்பதுதான் என் குறை.

இத்தனைக்கும், மலையில் நடப்பவனுக்கு வழி சொல்லும் புத்தகம் தமிழில் இல்லாமல் போகவில்லை. பத்துப்பாட்டில் கடைசியாக இருக்கும் மலைபடுகடாம் அதுவேதான். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனிடம் பரிசு பெற்று வந்த கூத்தன் ஒருவன், எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்குச் சொல்லும் வழி. அவன் என்ன சொல்கிறான்? பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், இருட்டில் போகாதே, விடிந்தபின் போ என்கிறான். பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போ என்கிறான். பாசி வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்துக் கொண்டு இறங்கச் சொல்கிறான். இன்ன குடியிருப்புக்குப் போனால் உறவினரைப் போல வரவேற்றுத் தினைச் சோறும் இறைச்சியும் போடுவார்கள் என்கிறான். அருவியும் மயிலும் மலையின் ஓசைகளும் பாட்டில் நிறைய வருகின்றன. ஆனால் அவை வழியோடு வருகின்றன. வழியை விட்டுத் தனியே ஒரு மேடையில் நிற்பதில்லை.

சிறுபாணாற்றுப்படையிலும் இதே கதைதான். எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரில் சுட்ட மீன், ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று ஊருக்கு ஊர் யார் இருக்கிறார்கள், என்ன கொடுப்பார்கள் என்ற கணக்கு வருகிறது. ஆக, ஆற்றுப்படைக்காரன் ஒரு வழியை மூன்று கேள்விகளால் அளக்கிறான்: அங்கே யார் இருக்கிறார்கள்? என்ன சாப்பிடலாம்? எதற்குப் பயப்பட வேண்டும்? கண்ணுக்கு விருந்து என்பது இந்த மூன்றுக்கும் நடுவே தானாகக் கிடைப்பது.

நம் காலத்துப் பயண எழுத்தில் இந்த அளவுகோல் அடியோடு செத்துப் போய்விடவில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியாரிடம் வர்ணனை குறைவு, மனிதர்கள் அதிகம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து 1971-இல் கொண்டு வந்த 'நடந்தாய் வாழி, காவேரி'யில் ஆற்றோடு ஊரும் சங்கீதமும் சாப்பாடும் ஓடி வருகின்றன. பெயரில் நடப்பவள் காவேரிதான். ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில் போனவர்கள். ஆனாலும் இறங்கிப் பேசத் தெரிந்தவர்கள். குறை இவர்களிடம் இல்லை. எங்கே போகலாம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த ஜாபிதாக்காரர்களிடம்தான் குறை.

அளவுகோல் சரிதானா என்று பார்க்க, எந்த ஜாபிதாவிலும் இல்லாத ஒரு வழியை எடுத்துக் கொள்கிறேன்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை. ஏறக்குறைய 15 கிலோ மீட்டர். தை, மாசியில் ஒரே நாளில் சௌகரியமாக நடந்துவிடலாம். நான் பலமுறை நடந்த வழி.

புறப்படும் இடமே சாமானியமானதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய்விட வேண்டும். விசைப்படகுகள் வந்து, ஏலம் நடந்து, கூடைகள் ஏறுகிற நேரம். ஏலத்தில் பேசுகிற பெண்களின் தமிழைக் கேட்டால், நம் நாவல்களில் வரும் பேச்சு எவ்வளவு சோகை பிடித்தது என்று தெரியும். எயிற்பட்டினத்தில் பாணர்களுக்குக் கிடைத்தது சுட்ட மீன். இங்கே வறுத்த மீன். பயப்பட வேண்டியது பன்றிப் பொறிக்கு அல்ல, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்கு. சாலையோரத்தை விட்டு இறங்கக் கூடாது.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில். வள்ளலார் சென்னையில் இருந்த காலத்தில் ஏழுகிணறு பக்கத்திலிருந்து இங்கே நடந்தே வந்து போவார் என்று அவர் சரித்திரம் சொல்லுகிறது. சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி, ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணை இழந்தது இங்கேதான். வாக்குத் தவறியவனுக்குப் பார்வை போய்விடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. அதற்கும் வடக்கே மோட்டார் சைக்கிள், லாரி, தீப்பெட்டி என்று ஆலைகளின் பெயரால் அறியப்பட்ட தெருக்கள். விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டிக் கம்பெனி கொடுத்தது. 2021-இல் மெட்ரோ ரயில் அங்கே வந்து சேர்ந்தது.

வழி நெடுக, இடிந்த கரையும் கொட்டிய கருங்கல்லும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் தெரியும். இவற்றுக்கும் மெரினாவுக்கும் சம்பந்தம் உண்டு. நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து கொண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலில் கட்டிய சுவர்கள் அதைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து, மெரினா அகலமாயிற்று. வர வேண்டிய மணல் வராமல், வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருக்களும் வீடுகளும் போயின. அதாவது, எல்லாக் கைப்புத்தகங்களிலும் முதலில் வரும் கடற்கரையும், எதிலுமே வராத கடற்கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். ஒன்றின் அழகுக்கு மற்றொன்று விலை கொடுத்திருக்கிறது. காட்சியை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் எழுத்தால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

கடைசியில் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடம். மாலை வெயிலில் அந்த நீர்ப்பரப்பு அகலமாக, பொன்னாகக் கிடக்கும். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அவற்றின் சாம்பல் பல வருஷங்களாகக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் ஒட்டிக் கொண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

ஓர் ஆட்சேபணை நியாயமானது. வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறவன் அதைப் புகையிலும் தூசியிலும் ஏன் செலவழிக்க வேண்டும்? புகை அழகு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அங்கே இருமிக் கொண்டிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். ஏழ்மையைப் பார்க்கச் சுற்றுலா போவதும் எனக்குச் சம்மதமில்லை. கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு விஷயம். கொடைக்கானல் ஏரியில் ஒரு நாள் எண்ணெய் மிதந்தால் நாடு முழுவதும் கூச்சல் எழும். ஏரியைப் பார்த்த கண்கள் லட்சக் கணக்கில் இருக்கின்றன. எண்ணூரைப் பார்த்த கண்கள், அங்கே வாழ்கிறவர்களுடைய கண்கள் மட்டுந்தான். அவர்கள் சொல்வதைத் தங்கள் நஷ்டத்தைச் சொல்லுகிறார்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். 2017-இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டைப் பாடியபோதுதான், கச்சேரி கேட்கிறவர்களில் பலர் அந்த இடத்தை முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஜாபிதாவில் இல்லாத இடத்துக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் எதையும் கொட்டலாம்.

ஆகவே, நல்ல ஒரு நாள் நடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த விதி இதுதான்: முடிவில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், வழியில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மலையானாலும் சரி, கடற்கரையானாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கைப்புத்தகத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மலைபடுகடாம் கூத்தன் இன்னும் ஒன்று சொல்கிறான். வழி பிரியும் இடம் வந்தால், அதைத் துடைத்துச் சரி செய்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ. பின்னால் வருகிறவனுக்கு அது அடையாளமாக இருக்கட்டும் என்கிறான். வழிகாட்டி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே, இன்னும் யாரும் ஒரு புல்லைக்கூட முடிந்து வைக்கவில்லை.